குப்பை என்று பெயர் வைத்த ஃபைல்

இரைச்சல் எது, இரைச்சல் இல்லாதது எது என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு வருடம் ஒலிநாடாக்களிலிருந்து இரைச்சலை நீக்குவதுதான் என் பிழைப்பு. அப்போதும் தெரியாது. தெரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

தி.நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், ரவிக்கைத் துணிக்கடை ஒன்றுக்கு மேல் இரண்டாவது மாடியில் எங்கள் அறை. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுத்தம் செய்து, சி.டி.யாகவோ கேசட்டாகவோ திருப்பிக் கொடுப்பது தொழில். முதலாளி கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டர்களில் இருபது வருடம் ஒலிப்பதிவு செய்தவர். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். அவருக்குக் காது உண்டு, மவுஸ் பிடிக்க வராது. எனக்கு மவுஸ் வரும், காது கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் ஆகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

காது கிடையாது என்றால் செவிடு என்று அர்த்தமில்லை. கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எங்கள் வீடு. முன்னறை ஜன்னலுக்கு நேர் வெளியே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அது அங்கே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அரை மணி நேரத்துக்குள் “இன்னா சத்தம் அது, உய்ங்குனு” என்று கேட்பார்கள். நானும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்காது. அந்த லட்சணத்தில் நான் போய் உட்கார்ந்த வேலை, கேசட்டில் கேட்கிற உய்ங் என்ற சத்தத்தைக் கண்டுபிடித்து எடுப்பது.

நல்லவேளையாக, அதற்குக் காது தேவையில்லை என்று அந்த சாஃப்ட்வேர் சொன்னது. வேலை இப்படி. கேசட்டில் யாரும் பேசாத இடமாக ஒரு இரண்டு விநாடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, “இதுதான் இரைச்சல், முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்” என்று சொல்ல வேண்டும். அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு மொத்தக் கேசட்டையும் கொடுத்தால், அந்த முகத்தை எங்கெங்கே பார்க்கிறதோ அங்கெல்லாம் கழித்துவிடும். பேச்சு மட்டும் மிஞ்சும்.

யாரும் பேசாத இடத்தைக் கண்டுபிடிக்க முதலாளி ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். “ஆளு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்டு கீது பாரும்மா, அதான் குப்ப. அதப் புட்சிக் குடு, மிச்சத்த அது பாத்துக்கும்.”

கல்யாண வீடியோ, உபன்யாசம், பட்டமளிப்பு விழாச் சொற்பொழிவு என்று எத்தனையோ கேசட்டுக்கு இந்த வழி பலித்தது. ஃபேன் போனது, ஜெனரேட்டர் போனது, தெருவில் போன தண்ணி லாரிகூடப் போனது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. அந்த சாஃப்ட்வேரில் இன்னொரு வசதியும் இருந்தது. சுத்தமான குரலைத் தருவதற்குப் பதிலாக, எடுத்துப் போட்டதை மட்டும் தனியாகத் தா என்று கேட்டால் தரும். நான் ஒவ்வொரு வேலையிலும் அதையும் தனி ஃபைலாகச் சேமித்து, குப்பை என்று பெயர் வைப்பேன். சாயங்காலம் முதலாளி வந்ததும் போட்டுக் காட்டுவேன். வீடு பெருக்கியவள் முறத்தில் அள்ளிய தூசியைக் காட்டிவிட்டுக் கொட்டுவது மாதிரி. அவர் கேட்டுவிட்டு, “அடேங்கப்பா, இம்மாம் குப்பையா” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அது.

அந்தப் பெரியவர் ஒரு காலையில் படியேறி வந்தார். மயிலாப்பூர்க்காரர். காலேஜில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். துணிப்பைக்குள்ளிருந்து கர்ச்சீப்பில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதலாளி கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் வேலைக்காக மூன்று நாள் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன்.

“இதுல என் ஆத்துக்காரி பாடியிருக்கா” என்றார். “தம்புரா நான்தான். எனக்குப் பாட்டெல்லாம் வராது. நாலு கம்பியை மீட்டுவேன், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் சும்மா உக்காந்துண்டு ரெண்டு பேருமா பதிஞ்சது.”

நான் தலையாட்டினேன்.

“மூணு வருஷம் முன்னாடி அவளுக்குத் தொண்டைல ஆபரேஷன். குரல் போயிடுத்து. இப்போ ரகசியம் பேசறா மாதிரிதான் பேசுவா. கச்சேரி அது இதுன்னு அவ எங்கேயும் பாடினதில்லை. அவ குரல்னு இந்த லோகத்துல மிச்சம் இருக்கறது இந்த ஒரு கேசட்தான்.”

அடுத்த வாரம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். சாப்பாடு முடிந்து உட்காரும்போது இதைப் போட்டுக் காட்ட வேண்டும், அவளுக்கே தெரியாமல் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. “ஆனா பின்னாடி ஙொய்ங்னு ஒரு சத்தம் ஓடிண்டே இருக்கும்மா. அவ குரலே அதுல அமுங்கிப் போறது. அதை மட்டும் எடுத்துடணும். இன்னொண்ணு, இதே கேசட்லயே போட்டுத் தரணும்.”

எனக்குப் புரியவில்லை. புதுக் கேசட்டில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“கூடாது. லேபிள்ல இருக்கறது அவ கையெழுத்து. பீரோவுல சேலைக்கு அடியில வச்சிருக்கா. நான் எடுத்துண்டு வந்தது அவளுக்குத் தெரியாது. எது இருந்ததோ அதுவே அங்கே இருக்கணும்.”

“சார், பழசுமேலயே பதிஞ்சா பழசு போயிடும்.”

“போகட்டுமே. அதுலதான் சத்தம் இருக்கே.”

கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் கேசட்டைக் கையில் எடுத்தபோது ஒரு நெருடல். கேசட்டின் முதுகில் மூலையில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. இதில் இரண்டு பல்லும் உடைக்கப்பட்டிருந்தன. அந்தம்மாதான் உடைத்திருக்க வேண்டும். மேலே பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்ட வேண்டும்.

அவர் போனதும் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அரை மணி நேரப் பாட்டு. ஒரு நீளமான ஙொய்ங், பிறகு ஒரு செருமல், பிறகு குரல். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் என்னவோ செய்தது. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ வேலை செய்துகொண்டே பாடுகிற மாதிரி, கேட்பதற்கு யாரும் இருக்கிறார்களா என்று பார்க்காத குரல். அரை மணி நேரமும் எங்கேயும் நிறுத்தவில்லை. அந்தம்மா மூச்சு வாங்கும்போதும் பின்னால் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக, யாரும் பாடாத இடம் என்று இருந்தது முதல் பன்னிரண்டு விநாடிதான். அங்கே இருந்தது அந்த ஙொய்ங். இது பெரியவர் எடுக்கச் சொன்ன சத்தமா, தம்புராவா? தம்புரா என்றால் டொய்ங் டொய்ங் என்று விட்டு விட்டுக் கேட்கும் என்று நினைத்திருந்தேன். இது விடாமல் ஒரே கோடாகப் போனது. திரையில் பார்த்தேன். நேர்நேராகப் பட்டைகள், இஸ்திரி போட்ட மாதிரி. எது எதனுடையது என்று பட்டையில் எழுதியிருக்கவில்லை. நான்கு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தோன்றியது. ஐந்தாவது தடவை எதுவுமே கேட்கவில்லை, எங்கள் வீட்டு ஜன்னல் மாதிரி.

முதலாளிக்குப் போன் போட்டேன். தியேட்டரில் யாரோ அழும் காட்சிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது போனில் கேட்டது.

“பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னா கீது?” என்று கேட்டார்.

“ஙொய்ங்னு ஒரு சத்தம் சார்.”

“அப்புறம் இன்னா டவுட்டு? அதான் குப்ப. எடு.”

தம்புரா என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால், அதுகூடத் தெரியாதா என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொல்லவில்லை.

அந்தப் பன்னிரண்டு விநாடியைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினேன். எவ்வளவு எடுக்கட்டும் என்று அது கேட்டது. அறுபதாம் கல்யாணம் ஆயிற்றே என்று நூற்றுக்கு நூறு வைத்தேன். கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. நான் கீழே போய் இரண்டு போண்டாவும் ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு, பாண்டி பஜார்வரை நடந்து வந்தேன்.

திரும்பி வந்து கேட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஙொய்ங் அடியோடு போயிருந்தது. அந்தம்மாவின் குரல் மட்டும், சுற்றிலும் ஒன்றுமில்லாமல் நின்றது. அங்கங்கே குரல் உள்ளே போய் வெளியே வந்த மாதிரி இருந்தது. மூச்சு வாங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன். தம்புரா எங்கே என்று ஒரு கேள்வி வரத்தான் வந்தது. பழைய கேசட், தம்புரா சரியாகப் பதிவாகியிருக்காது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பிறகு வழக்கம்போல எடுத்ததைத் தனியாகச் சேமித்துக் குப்பை என்று பெயர் வைத்தேன். செல்லோடேப்பை ஒட்டி, சுத்தமான பாட்டை அதே கேசட்டில் பதிந்தேன்.

பெரியவர் மறுநாள் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். “இதுல அவ மட்டும் இருக்கா” என்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் படியிறங்கியதும் நான் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்தேன். அந்தக் காலத்து டிஸ்க்கில் இடமே இருக்காது, அடுத்த கல்யாணம் வரிசையில் நின்றது. கேசட்டிலிருந்து ஏற்றிய முதல் பதிவை அழித்தேன். சுத்தம் செய்த பாட்டையும் அழித்தேன், அதுதான் கேசட்டில் இருக்கிறதே. குப்பையை மட்டும் அழிக்கவில்லை. அது இன்னொரு டிரைவில் இருந்தது, முதலாளி இன்னும் அதைக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பெரியவர் திரும்ப வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் குழம்பிப் போய் வந்திருந்தார்.

“எல்லாரும் நன்னா இருக்குன்னா. என் மச்சினி அழுதே அழுதுட்டா. இவ மட்டும் பாதியிலயே எழுந்து உள்ளே போயிட்டா. ஏன்னு கேட்டா, ‘யாரு பாடறா அது’ங்கறா. நீதாண்டின்னேன். ‘நான் இல்லை’ங்கறா. அப்புறம் பேச்சே இல்லை.” நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ என்னம்மா பண்ணினே?”

“நீங்க சொன்னதைத்தான் சார் பண்ணினேன்.”

“அதானே” என்றார். அவளையே அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அந்தம்மா வந்தார். சின்ன உருவம். கழுத்தை மூடிப் புடவைத் தலைப்பைப் போர்த்தியிருந்தார். அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. முதலாளி எழுந்து ஃபேனை நிறுத்தினார், உஸ்மான் ரோடு பக்கத்து ஜன்னலைச் சாத்தினார், என்னைப் பார்த்துக் கம்ப்யூட்டரையும் அணைக்கச் சொன்னார். எல்லாம் அடங்கிய பிறகு அந்தக் காற்றுக் குரல் காதில் விழுந்தது.

“ஷட்ஜமத்துல வந்து நிக்கறச்சே எல்லாம் யாரோ என் வாயைப் பொத்தறா” என்றார். “பஞ்சமத்துலயும்.”

ஷட்ஜமம் என்றால் பாட்டு எங்கே சுற்றினாலும் திரும்பி வந்து நிற்கும் ஸ, பஞ்சமம் என்றால் ப, தம்புராக் கம்பிகள் மீட்டுவதும் அந்த இரண்டைத்தான் என்று முதலாளி என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் மூச்சு என்று நினைத்த இடங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

“எல்லாரும் நன்னா இருக்குன்னாளே” என்றார் பெரியவர்.

“அவா பாட்டைக் கேட்டா. நான் ஸ்ருதியைக் கேட்டேன். அது இல்லை.” அந்தம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். “இதுல நீங்களே இல்லையே. உங்களுக்குத் தெரியலையா?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. மனைவியின் குரல் தெளிவாகக் கேட்ட சந்தோஷத்தில் தன்னைத் தேடவே இல்லை. “நான் எங்கேம்மா போனேன்?” என்று என்னிடம் கேட்டார்.

முதலாளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேசட்டைக் கேட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கழற்றி வைத்தார். “ஒரிஜினலப் போடு” என்றார்.

“அழிச்சுட்டேன் சார்.”

“கேசட்ல கீறது?”

“அதுமேலதான் இதைப் பதிஞ்சேன்.”

எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற மனிதர். அன்றைக்குப் போடவில்லை. “தம்புரா வாசிச்சிருக்காங்கோன்னு நீ எங்கிட்ட சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அந்தம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கழுத்துத் தலைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். உலகத்தில் இருந்த ஒரே ஒரு பாட்டை அழித்துவிட்டு அவர் எதிரில் நான் ரிவால்விங் சேரில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். நின்று என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அப்போதுதான் குப்பை ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, அது ஒவ்வொன்றாக விழித்து எழும்வரை நான்கு பேரும் காத்திருந்தோம். குப்பையைப் போட்டேன்.

முதலில் ஙொய்ங். அதை இந்தத் தடவை அந்தம்மா கேட்டார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விரல் தொடையில் நான்கு தடவை தட்டியது, மறுபடி நான்கு தடவை. அதைப் பார்த்த பிறகுதான் கோடாகப் போன சத்தத்துக்குள் நான்கு கம்பி தனித்தனியாக இருப்பது எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் குரல் வர வேண்டிய இடத்தில் குரல் இல்லை. வெறும் தம்புரா, அடியில் மிஷினின் இரைச்சல். பிறகு எங்கிருந்தோ ஒரு ‘ஸா’ மட்டும் மெல்லிசாக வந்து நின்றது, போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அந்தம்மா வந்து நின்ற இடங்கள் அத்தனையும் அதில் இருந்தன. நின்ற இடங்கள் மட்டும்.

முதலாளி தலையைச் சொறிந்தார். “அம்மா, நீங்க எத்தினி கட்ட?” என்று கேட்டார், அவர் ஸ எந்த உயரத்தில் நிற்கும் என்று.

“அஞ்சு.”

“நம்மூரு கரண்ட்டு பாடறதும் கிட்டத்தட்ட அஞ்சு கட்டதாம்மா. கொஞ்சம் மேல. எந்த மிஷினப் போட்டாலும் அந்த ஙொய்ங்கு வரும். ஆனா அதுவும் தம்புராவும் தனித்தனியா இருக்கணுமே. இதுல ரெண்டும் ஒட்டிக்கினு கீது.”

“அன்னிக்கு ஸ்ருதி கொஞ்சம் தூக்கலா இருந்தது” என்றார் அந்தம்மா. “நான் சொன்னேன். இவர் ஒத்துக்கலை.”

பெரியவர் யோசித்தார். “டேப் ரெக்கார்டரை ஆன் பண்ணி வச்சுட்டுத்தான் ஸ்ருதி சேர்த்தேன்” என்றார் மெதுவாக. “அது ஓடிண்டிருந்ததா, காதுக்கு அதுதான் சரியா பட்டது.”

அதாவது, மிஷின் போட்ட சத்தத்துக்கே அவர் தம்புராவைச் சேர்த்திருக்கிறார். அந்தத் தம்புராவுக்கு அந்தம்மா தன் ஸாவைச் சேர்த்திருக்கிறார். அதை எடுங்கோ என்று அவர் கொண்டுவந்து கொடுத்த சத்தத்தின்மேல்தான் பாட்டே உட்கார்ந்திருந்தது. நான் எதைக் குப்பை என்று காட்டியிருக்க வேண்டும்? முதலாளியிடம் கேட்டேன். அவர் எழுந்து ஃபேனைத் திரும்பப் போட்டார்.

கேசட்டில் இருக்கும் பாட்டை மறுபடி ஏற்றி, குப்பையோடு சேர்த்தால் பழையபடி முழுசாகிவிடாதா என்று இரண்டு நாள் முயன்றேன். சுத்தம் செய்த பாட்டைக் கம்ப்யூட்டரில் அழிக்காமல் வைத்திருந்தால் ஆகியிருக்கும். ஒன்றையும் ஒன்றையும் கூட்டுகிற வேலை. ஆனால் கேசட் ஓடுகிற வேகம் ஒரு சீராக இருக்காது. முதல் அடியில் இரண்டும் பொருந்தின. ஐந்தாவது நிமிஷத்தில் ஸா தள்ளிப் போய் விழுந்தது. அதை வெட்டி ஒட்டினால் அடுத்தது நழுவியது. முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, “வுட்டுரு. ரெண்டும் கை கோத்துக்கினு வராது” என்றார்.

அந்தம்மா போகும்போது ஒன்று கேட்டிருந்தார். அந்தக் குப்பையை ஒரு கேசட்டில் போட்டுத் தர முடியுமா என்று. போட்டேன். “நீயே போய்க் குடு, எனக்கு மூஞ்சி கெடையாது” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வராது என்று தெரியும். கையில் ஏதாவது கனமாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டேன். இரண்டு கேசட்டையும் ஒரே நேரத்தில் போட்டால் என்ன என்று ஒரு யோசனை. கம்ப்யூட்டரில் ஆகாதது இரண்டு மிஷினில் எப்படி ஆகும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. “அத எங்க தூக்கினு போறே, காலைல நான் சாமிப் பாட்டு கேக்க வாணாமா” என்று அம்மா கத்தியது கீழே பஸ் ஸ்டாப்வரை கேட்டது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. அந்தம்மா கதவைத் திறந்தார். என் கையிலிருந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கூடத்து மூலையில் தம்புரா உறை போட்டு நின்றது. பெரியவர் காபி கொண்டுவந்தார். என்னால் குடிக்க முடியவில்லை. எல்லாம் என்னால்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். “நானும்தான் நீ உடைச்சு வச்ச கேசட்மேலயே பதியச் சொன்னேன்” என்றார் பெரியவர். அதை அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“சார், இப்போ நீங்களே தம்புரா மீட்டலாமே, அந்தக் கேசட்டைப் போட்டுக்கிட்டு” என்றேன்.

“மீட்டலாம். அவ ஸாவுக்கு எங்கே போறது?”

இரண்டு மிஷினையும் ஊஞ்சல் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர்கள் வீட்டு மிஷினில் நான் சுத்தம் செய்த கேசட், எங்கள் வீட்டு மிஷினில் குப்பை. தன் குரல் இருந்த கேசட்டின் பொத்தானில் அந்தம்மா விரலை வைத்தார். தம்புரா கேசட்டின் பொத்தானில் பெரியவர். நான் ஒண்ணு, ரெண்டு, மூணு என்றேன். அந்தம்மா அழுத்திவிட்டார். பெரியவருக்குப் பொத்தான் பழக்கமில்லை, ஒரு கணம் பிந்திவிட்டது.

குரல் மேலே போனது, சுற்றியது, இறங்கியது. ஸாவுக்கு வந்ததும் நான் செய்த பள்ளத்தில் விழுந்து காணாமல் போனது. அந்தம்மா அந்த இடத்தில் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அந்த ஸாவின் அளவுக்குத் திறந்து நின்றது. ஒரு கணம் கழித்து, பக்கத்து மிஷினிலிருந்து தம்புராவுக்கு நடுவே அந்த ஸா வந்து சேர்ந்தது. கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் இடைவெளி இன்னும் கூடியது. பாட்டு அடுத்த அடிக்குப் போன பிறகு பழைய அடியின் ஸா பின்னாலேயே ஓடிவந்தது. பெரியவர் பதறிப் போனார். தன் மிஷினை நிறுத்தி ஓட்டினார், அது இன்னும் மோசமாகியது. மறுபடியும் நிறுத்தப் போனார். அந்தம்மா எட்டி அவர் கைமேல் கையை வைத்து அழுத்தினார். அவர் சொன்னது கேட்பதற்காக நானும் பெரியவரும் குனிந்தோம்.

“விடுங்கோ, ஓடட்டும். அன்னிக்கும் நீங்க இப்படித்தான் பின்னாடியே வந்தேள்.”

கையை எடுக்கவில்லை. கேசட் முடிகிறவரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரை நான் திருப்பிக் கேட்கவில்லை.